ஈபேயில் பழைய கேமரா வாங்குறவங்க கவனத்துக்கு

சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ படிக்க வர்ற நம்ம ஆளுங்களுக்கு, ரெண்டாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு வியாதி தொத்திக்கும். கேமரா வியாதி. போண்டாய் கடற்கரை, ப்ளூ மவுண்டன்ஸ், கிரேட் ஓஷன் ரோடுன்னு சுத்தப் போற இடத்துல பக்கத்துல நிக்கிறவர் கழுத்துல ஒரு எஸ்எல்ஆர் தொங்கும். அன்னிக்கு ராத்திரியே ஈபேயைத் திறந்து வெச்சு உக்காந்துருவோம். செல்போனே நல்லா படம் எடுக்குற இந்தக் காலத்துலயும் வியாதி குறைஞ்சபாடில்லை. புதுசு வாங்க வசதி இல்லை, அதனால பழசு. பழசுன்னா ஏலம்.

இதுல எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான். "விக்கிறவர் நல்லவரா, நம்பலாமா?" என்னைக் கேட்டா, அந்தக் கேள்வியால ஒரு பிரயோஜனமும் இல்லை. முகம் தெரியாத ஆளோட குணம் நமக்கு எப்படித் தெரியும்? கேக்க வேண்டியது வேற. "ஏதாவது தப்பாப் போனா என் காசு எந்த வழியில திரும்பி வரும்?" விக்கிறவர் குணம் நம்ம கையில இல்லை. காசு போற வழி நம்ம கையில இருக்கு.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர்னு நிர்ணயிச்சாங்க. மாணவர் விசாவுல இருக்குறவங்க, வகுப்பு நடக்குற காலத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2023 ஜூலையில் வந்த வரம்பு இது. அப்போ 500 டாலர் கேமராங்கிறது 20 மணி நேர உழைப்பு. ஒரு வாரம் முழுக்க பாத்திரம் கழுவின, ஷெல்ஃப் அடுக்கின காசு. அதை ஊர் ரூபாயில பெருக்கிப் பார்த்தா அப்பா மயக்கம் போட்டு விழுந்துருவார் :-) இது தொலைஞ்சா "போனா போகுது"ன்னு சொல்ற நிலைமையில நாம யாரும் இல்லை.

2008-ல் நடந்த கூத்து

ஆஸ்திரேலியாவுல இந்தப் பாதுகாப்பு விவகாரம் ஒரு தடவை பெரிய பஞ்சாயத்தாவே நடந்திருக்கு. 2008 ஏப்ரலில் ஈபே ஆஸ்திரேலியா ஒரு அறிவிப்பு விட்டது. ஜூன் மாசத்துல இருந்து இந்தத் தளத்துல வாங்குறவங்க பேபால் வழியாத்தான் பணம் கட்டணும், இல்லாட்டி நேர்ல போய் பொருளை எடுக்கும்போது பணம் கொடுக்கணும். வங்கிக் கணக்குல நேரடியா போடுறது, காசோலை, மணி ஆர்டர் எல்லாம் கிடையாது. காரணம் கேட்டா, "வாங்குறவங்க பாதுகாப்புக்காக"ன்னு பதில்.

சிக்கல் என்னன்னா, பேபால் அப்போ ஈபேயோட சொந்தக் கம்பெனி. 2002-லயே வாங்கிட்டாங்க. கடையும் நம்மளுது, கல்லாப்பெட்டியும் நம்மளுதுன்னு ஆயிடுச்சு. இப்படி ஒரு ஏற்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்னா ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்துக்கிட்ட (சுருக்கமா ஏசிசிசி) சொல்லியாகணும். ஆணையம் விசாரிச்சது. விற்கிறவங்க கொதிச்சுப் போய் மனு மேல மனு போட்டாங்க. ஜூன் மாசம் ஆணையம் தன்னோட வரைவு முடிவைச் சொன்னது: இது பணம் கட்டும் சேவைகளுக்கு இடையில் இருக்கும் போட்டியைக் குறைக்கும், மக்களுக்குக் கிடைக்கிற நன்மை அதை ஈடு கட்டாது. ஜூலையில் ஈபே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இதுல யார் பக்கம் நியாயம்? ஆணையம் செஞ்சது சரின்னு நான் நினைக்கிறேன். எந்தப் பூட்டு போடணும்னு கடைக்காரர் சொல்லலாம், ஆனா அந்தப் பூட்டை அவர் மச்சான் கடையிலதான் வாங்கணும்னு சொல்ல முடியாது. அதே சமயம் ஈபே வெச்ச ரெண்டு வழியையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஒண்ணு, போன காசைத் திரும்பக் கேக்க முடியுற வழி. இன்னொண்ணு, பொருளைக் கையில வாங்கிப் பார்த்துட்டு காசு கொடுக்குற வழி. கட்டாயம்னு வெச்சதுதான் வில்லங்கம். வாங்குறவனுக்கு அந்த ரெண்டு வழியும் நல்ல வழிதான்.

அதனால என்னோட விதி இது, சின்னதுதான். காசு போறதுக்கு முன்னாடி பொருளைக் கையில பார்த்திருக்கணும். இல்லாட்டி போன காசைத் திரும்பக் கேக்குற உரிமை இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா, எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் வாங்கக் கூடாது.

2008-க்கு அப்புறம் நிறைய மாறிடுச்சு. 2015-ல் ஈபேயும் பேபாலும் தனித்தனிக் கம்பெனி ஆயிட்டாங்க. 2020, 2021 வாக்கில் ஆஸ்திரேலியாவுல ஈபே தானே பணத்தை வாங்கி விக்கிறவருக்குக் கொடுக்குற முறைக்கு மாறிடுச்சு. வாங்குற நாம கார்டு போடலாம், பேபாலும் போடலாம். பொருள் வரலை, சொன்ன மாதிரி இல்லைன்னா, வந்து சேர்ந்த 30 நாளுக்குள்ள முறையிட்டு பணத்தைத் திரும்பக் கேக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா ஒண்ணு, தளத்துக்குள்ள பணம் கட்டினவங்களுக்குத்தான் இது. வெளியில கட்டினா அவங்க எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

இருபது டாலர் தள்ளுபடி

அங்கதான் தூண்டில் இருக்கு. நல்ல லென்ஸ், நியாயமான விலை. விக்கிறவர் ஒரு செய்தி அனுப்புவார். "மேட், இந்தத் தளம் கட்டணம் ரொம்பப் புடுங்குது. நேரா பேங்க்ல போட்டீங்கன்னா 20 டாலர் குறைச்சுக்கறேன்." இல்லாட்டி "பேபால்லயே ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு போட்டு அனுப்புங்க." கேக்க நல்லாத்தான் இருக்கும். அந்த 20 டாலர் நம்ம இன்ஷூரன்ஸ் பிரீமியம். அதைத் தள்ளுபடிங்கிற பேர்ல நம்மகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு, இன்ஷூரன்ஸை எடுத்துட்டுப் போயிடுறாங்க. ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி வழியில போற பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பேருலயே இருக்கே, நண்பருக்கும் குடும்பத்துக்கும்னு. நமக்கு அவர் என்ன ஒண்ணு விட்ட சித்தப்பாவா?

என்கூட ஸ்ட்ராத்ஃபீல்டுல அறை பகிர்ந்துக்கிட்ட ஒரு மதுரைப் பையன் இப்படித்தான் 380 டாலரை ஒரு கணக்குல போட்டான். லென்ஸும் வரலை, ஆளும் இல்லை. வங்கியில "நீங்களே அனுமதிச்சு அனுப்பின பணம்தானே"ன்னு கேட்டாங்க. அவனுக்கு பதில் சொல்லத் தெரியலை. ஒரு மாசம் மதியச் சாப்பாடு பிரெட்டும் வேர்க்கடலை வெண்ணெயும்தான். இதுல கொடுமை என்னன்னா, இந்த ஊர்ல ரொம்ப நாளா பணம் அனுப்பும்போது பிஎஸ்பி எண்ணும் கணக்கு எண்ணும்தான் கணக்கு. நாம எழுதுற பேரு பொருந்துதான்னு யாரும் பார்க்குறது இல்லை. 2025 ஜூலையில் இருந்துதான் பேரைச் சரிபார்த்துக் காட்டுற வசதி வங்கிகள்ல வர ஆரம்பிச்சது. அதுவும் பேரு பொருந்துதான்னுதான் சொல்லும். லென்ஸ் இருக்கான்னு சொல்லாது.

பின்னூட்டத்தை நம்பலாமா?

நம்ம பதிவுலகத்துல பின்னூட்டம்னா ஒரு அர்த்தம், ஈபேயில இன்னொரு அர்த்தம். ரெண்டுலயும் எண்ணிக்கையை வெச்சு தரத்தை முடிவு பண்ணா அம்பேல்தான். நூறு பின்னூட்டம் வந்த பதிவெல்லாம் நல்ல பதிவான்னு உங்களுக்கே தெரியும் :-)

ஒரு காலத்துல வாங்குறவர் குறை எழுதினா விக்கிறவரும் பதிலுக்குக் குறை எழுதுவார். அதுக்குப் பயந்துக்கிட்டே பல பேர் "அருமை, நன்றி"ன்னு எழுதிட்டுப் போனாங்க. 2008-ல்தான் விக்கிறவங்க வாங்குறவங்களுக்குக் குறை எழுதுறதை ஈபே நிறுத்துச்சு. இப்பவும் எண்ணிக்கையைப் பார்க்காம, எதுக்காக வந்த பின்னூட்டம்னு உள்ள போய்ப் பாருங்க. எல்லாமே வாங்கினதுக்கு வந்ததா, விற்றதுக்கு வந்ததா? ரெண்டு டாலர் செல்போன் உறையை வித்துச் சேர்த்த நற்பேரா? மூணு வருசமா சத்தமே இல்லாம இருந்த கணக்குல திடீர்னு பத்து விலை உயர்ந்த லென்ஸ் வருதா? கடைசியா சொன்னது பெரும்பாலும் திருடப்பட்ட கணக்கோட லட்சணம்.

ஆனா நல்ல பேருக்கு ஒரு விலை கொடுக்கலாம், தப்பில்லை. பால் ரெஸ்னிக்கும் கூட இருந்தவங்களும் பழைய தபால் அட்டைகளை ஈபேயில விற்று ஒரு சோதனை செஞ்சு, 2006-ல் வெளியிட்டாங்க. ஒரே மாதிரிப் பொருளை, பேரு எடுத்த கணக்குலயும் புதுக் கணக்குகள்லயும் வித்துப் பார்த்தாங்க. பேரு எடுத்தவருக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் விலை கிடைச்சது. 500 டாலருக்கு 40 டாலர். தாராளமா கொடுக்கலாம். அதுக்காக விதியை மட்டும் தளர்த்தாதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில இருக்குற ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வியாபாரமா விக்கிறவர்கிட்ட வாங்கின பொருளுக்கு, அது பழசா இருந்தாலும், அதோட வயசுக்கும் விலைக்கும் ஏத்த தரம் இருக்கணும். "உள்ளது உள்ளபடி, திரும்ப எடுக்க மாட்டோம்"னு எழுதி வெச்சு இதுல இருந்து கழண்டுக்க முடியாது. மரச் சுத்தியல் அடிச்சு நடத்துற பழைய பாணி ஏலத்துக்கு இதுல விலக்கு உண்டு. ஆனா ஈபே மாதிரி தளத்துல ஒரு வியாபாரி வித்தா, அந்த விலக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால விக்கிறவருக்கு ஏபிஎன் எண் இருக்கான்னு பாருங்க. யார் வேணும்னாலும் இலவசமா சரிபார்க்கலாம்.

வீட்டுல கிடக்குற கேமராவை விக்கிற தனி ஆள்கிட்ட வாங்கினா இந்தச் சட்டத்துல உங்களுக்கு இருக்குறது ரொம்பக் கொஞ்சம். அதை விற்க அவருக்கு உரிமை இருக்கணும், பின்னாடி யாரும் உரிமை கொண்டாடி வரக் கூடாது, சொல்லாம மறைச்ச அடமானம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். தரத்தைப் பத்தி அது பேசாது. அதனாலதான் தனி ஆள்கிட்ட வாங்கும்போது ரயில்ல போற தூரத்துல இருக்குறவரைத் தேடுங்கன்னு சொல்றேன். பகல் நேரத்துல, பாரமட்டா மாதிரி ஆள் நடமாட்டம் இருக்குற ஸ்டேஷன் பக்கத்துலயோ, நூலக வாசல்லயோ பாருங்க. பார்த்துட்டு காசைக் கொடுங்க.

இன்னொரு விசயம். ஏலம் கேக்குறது விளையாட்டு இல்லை. 2006-ல் ஒருத்தர் விர்ராவே ரகப் பழைய விமானம் ஒண்ணை ஈபேயில ஒன்றரை லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார். ஆமா, விமானம்தான். ஒருத்தர் அந்த விலைக்குக் கேட்டு ஜெயிச்சார். விக்கிறவருக்கோ வெளியில இன்னும் ஒரு லட்சம் கூடக் கொடுக்க ஆள் கிடைச்சாச்சு, அதனால மறுத்தார். 2007 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், ஈபே ஏலம் முடிஞ்சா அது ஒப்பந்தம்தான், விமானத்தைக் கொடுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும்தான். "சும்மா கேட்டு வைப்போம்"னு ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு கேமராவுக்கு விலை கேக்குறவங்க இதை ஞாபகத்துல வெச்சுக்குங்க.

எப்படிக் கேக்கணும்?

ஈபேயில நீங்க 400 டாலர்னு உச்ச விலையைப் போட்டாலும், அடுத்தவர் 310 வரைக்கும்தான் கேட்டிருந்தா, 310-க்கு மேல ஒரு படி கொடுத்தா போதும். அதனால நிதானமா உக்காந்து ஒரே ஒரு எண்ணை முடிவு பண்ணுங்க. விற்று முடிஞ்ச பொருள்களோட விலையை அந்தத் தளத்துலயே பார்க்கலாம். அதுல இருந்து தபால் செலவு, சுத்தம் செய்யுற செலவு எல்லாம் கழிச்சா வர்றதுதான் உங்க எண்.

அந்த எண்ணைக் கடைசி நேரத்துல போடுறது நல்லது. ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கென்ஃபெல்ஸ்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2002-ல் இதைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. குறிச்ச நேரத்துல டக்குன்னு முடியுற ஈபே ஏலத்துல கடைசி நிமிசத்துல வந்து குதிக்கிறவங்க அதிகம். கடைசி நேரத்துல விலை வந்தா நேரத்தை நீட்டிக்கிற அமேசானோட பழைய ஏலத்துல அது குறைவு. முன்னாடியே போட்டீங்கன்னா, நம்ம விலையைப் பார்த்து இன்னொருத்தருக்கு வீராப்பு வரும், அவரைப் பார்த்து நமக்கு வரும். முந்நூறு டாலர் பொருளுக்கு ரெண்டு பேரும் ஐந்நூறுக்கு அடிச்சுக்குவோம்.

தோத்துட்டா விட்டுருங்க. தோத்தவங்களுக்கு "ஜெயிச்சவர் வாங்கலை, உங்களுக்கே தர்றேன்"னு மெயில் வரும். ஈபேயிலயே அப்படி ஒரு முறை உண்டு. ஆனா அந்தச் செய்தி தளத்துக்குள்ள உங்க கணக்குலயும் இருந்தாத்தான் நிஜம். மெயிலுக்கு மட்டும் வந்தா குப்பையில போடுங்க.

கையில வந்ததும் பார்க்க வேண்டியது

நேர்ல பார்த்தாலும் தபால்ல வந்தாலும் இதெல்லாம் பாருங்க. தபால்ல வந்ததுன்னா ரெண்டே நாள்ல பார்த்து முடிங்க. "பரீட்சை முடியட்டும்"னு தள்ளிப் போட்டா முப்பது நாள் ஓடிப் போயிரும்.

1. லென்ஸோட ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கம் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. சென்னைக்காரங்களுக்கு இதைத் தனியா சொல்ல வேண்டியதில்லை. ஒண்ணு ரெண்டு தூசி பரவாயில்லை, பூஞ்சை வேண்டாம்.

2. துவாரத்தைச் சுருக்கி விரிக்கிற தகடுகள்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கா, சட்டுன்னு அசையுதான்னு பாருங்க.

3. எஃப் 22 வெச்சு வெளிர் வானத்தை ஒரு படம் எடுங்க. சென்சார்ல இருக்குற அழுக்கு எல்லாம் கரும்புள்ளியா தெரியும்.

4. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க. நிக்கான் டிஎஸ்எல்ஆர்னா எடுத்த படத்தோட எக்ஸிஃப் விவரத்துலயே பெரும்பாலும் இருக்கும். கேனன்ல பல மாடல்களுக்கு கணினியில இணைச்சு தனி மென்பொருள்லதான் பார்க்கணும்.

5. லென்ஸும் பாடியும் சேருமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாருங்க. கேனனோட பழைய எஃப்டி லென்ஸ், 1987-க்கு அப்புறம் வந்த இஎஃப் பாடியில அப்படியே மாட்டாது. நிக்கான் டி40-ல ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பழைய ஏஎஃப் லென்ஸைக் கையாலதான் திருப்பணும்.

6. அந்த மாடலுக்குன்னே ஒரு பரம்பரை வியாதி இருக்கான்னு தேடுங்க. 2012-ல் வந்த நிக்கான் டி600 சென்சார்ல புள்ளி விழுறதுக்குப் பேர் போனது. 2014-ல் நிக்கான் இலவசமா ஷட்டர் மாத்திக் கொடுத்துச்சு. மாத்தினதா இல்லையான்னு கேக்காம டி600 வாங்காதீங்க. முதல் கேனன் 5டி-யில கண்ணாடி கழண்டு விழுந்த கதையும் உண்டு.

ஜப்பான்ல இருந்து வர்ற லென்ஸ் பத்தி தனியா ஒரு வார்த்தை. "எக்ஸலன்ட்"னு போட்டு பக்கத்துல நாலு கூட்டல் குறி இருக்கும். கீழ வந்தா "லேசா பூஞ்சை, படத்தைப் பாதிக்காது"ன்னு பொடி எழுத்துல இருக்கும். அவங்க பொய் சொல்லலை, எழுதியே வெச்சிருக்காங்க. படிக்க வேண்டியது நாம. இன்னொண்ணு, 2018 ஜூலையில் இருந்து 1,000 டாலர் வரைக்குமான வெளிநாட்டுப் பொருளுக்கும் ஈபே மாதிரி தளங்கள் 10 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து வாங்குது. உங்க எண்ணைப் போடும்போது அதையும் கழிச்சுக்குங்க.

இவ்வளவு சந்தேகம் தேவையா?

"எல்லாரையும் திருடனாப் பார்த்தா எப்படிய்யா"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஈபேயில விக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க நேர்மையான ஆளுங்கதான். 1970-ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார்களை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார், அதுக்காக 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். விக்கிறவருக்குத் தெரிஞ்சது வாங்குறவருக்குத் தெரியலைன்னா, எல்லாருமே பயந்துக்கிட்டு குறைச்ச விலைக்குத்தான் கேப்பாங்க. அந்த விலைக்கு நல்ல பொருள் வெச்சிருக்குறவர் விக்க மாட்டார். கடைசியில சந்தையில சொத்தைதான் மிஞ்சும்.

அப்போ நாம கேக்குற கேள்வியும், திரும்பக் கேக்க முடியுற வழியில கட்டுற பணமும் நேர்மையான விற்பனையாளருக்கும் நல்லதுதான். "இன்னிக்குத் தேதி எழுதின காகிதத்தோட ஒரு படம் எடுத்து அனுப்புங்க"ன்னு கேட்டா, பொருள் வெச்சிருக்குறவர் அஞ்சு நிமிசத்துல அனுப்பிருவார். கோவிச்சுக்குறவர்கிட்ட வாங்க வேண்டாம், அவ்வளவுதான். சந்தேகப்படுறதும் அவமானப்படுத்துறதும் ஒண்ணு இல்லை. பர்மா பஜார்ல டப்பாவைப் பிரிச்சுக் காட்டச் சொல்லி வாங்கின பரம்பரை நாம. கடைக்காரரும் கோவிச்சுக்காம பிரிச்சுக் காட்டினார். அந்தப் பழக்கத்தை விமானம் ஏறும்போது மீனம்பாக்கத்துலயே விட்டுட்டு வந்துர வேண்டாம்.

கேமரா இன்னிக்குக் கிடைக்கலைன்னா அடுத்த வாரம் இன்னொண்ணு ஏலத்துக்கு வரும். இருபது மணி நேர வேலை அப்படி வராது.

டிஸ்கி: நான் படிக்கிறது பொறியியல், சட்டம் இல்லை. சட்டம் பத்தி எழுதினது எல்லாம் ஒரு மாணவன் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. நிஜமாவே சிக்கல்ல மாட்டினவங்க, சிட்னின்னா நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங், மெல்பர்ன்னா கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியா, ரெண்டு இடத்துலயும் கேளுங்க. கேக்குறதுக்குக் காசு கிடையாது.